கணக்கேட்டில் எழுதாத கடன்

கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவதாயின், சங்கச் செய்யுளின் நயம் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடைத் தொண்டு பற்றியோ எழுதுவான் என்பதே மரபு. நானும் முன்னர் அவ்வாறே எழுதியுள்ளேன். இம்முறை கடல் கடந்த நாடொன்றின் கதையை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. கனடாவில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் 2025 ஆம் ஆண்டில் எனக்கு எழுதிய கடிதத்திலே, ஹட்சன் குடாக் கம்பனியின் கடைகள் யாவும் அவ்வாண்டு யூன் மாதம் 1 ஆந் திகதியோடு மூடப்பட்டன என்று குறித்திருந்தார். அந்நாட்டில் முதற் குளிர்காலத்துக்கு வேண்டிய மேற்சட்டையைத் தாம் அக்கடையிலேயே வாங்கியதாகவும், அது 355 ஆண்டுப் பழமையுடைய கம்பனி என்பதைக் கடை மூடும் வேளையிலேதான் அறிந்ததாகவும் எழுதியிருந்தார். "காட்டிலே கோட்டை கட்டி விலங்குத் தோல் வாங்கிய கம்பனியாம். அதனால் அந்நாட்டுக்கு விளைந்தது நன்மையா, தீமையா என்று ஐயா சொல்லவேண்டும்" என்பது அவர் கேள்வி.

கடிதத்தில் அடக்கி விடை கூறக்கூடிய வினா அன்று அது. முந்நூற்றைம்பது ஆண்டுக் கதையை இவ்வேட்டின் சில பக்கங்களில் அடக்குவதும் இயலாது. ஆதலின் அக்கம்பனியின் கோட்டைகளுள் ஒன்றையும், அதனை ஆண்ட மனிதர் ஒருவரையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். ஒரு சோறு பதமாகுமன்றோ?

கதை ஒரு விலங்கிலே தொடங்குகின்றது. பீவர் என்பது வட அமெரிக்க ஆறுகளில் வாழும் கொறிவிலங்கு. தட்டையான வாலும் உளி போன்ற பற்களும் உடையது. மரங்களைப் பல்லால் அறுத்து வீழ்த்திக் கொம்பும் சேறும் சேர்த்து ஆற்றை மறித்து அணை கட்டும். அணைக்குப் பின்னே தேங்கும் நீரில் வீடமைத்து வாழும். அதன் தோலில் இருவகை மயிர் உண்டு. மேலே நீண்ட முரட்டு மயிர்; அடியிலே பட்டுப் போன்ற குறுமயிர். அக்குறுமயிரின் இழைதோறும் கண்ணுக்குப் புலனாகாத நுண்செதில்கள் உள. ஈரமும் சூடும் ஊட்டி அழுத்தினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, நெய்யாமலே துணியாகிவிடும். மழையில் நனைந்தும் உருக்குலையாத தொப்பி செய்வதற்கு அதனினும் சிறந்த பொருள் அக்கால ஐரோப்பாவில் இல்லை. ஐரோப்பிய ஆறுகளில் வாழ்ந்த பீவர்கள் வேட்டையால் அருகிப்போகவே, வணிகர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தனர். தொப்பி செய்த தொழிலாளரோ மயிரைப் பதப்படுத்தப் பயன்பட்ட இரசத்தின் நஞ்சால் கைந்நடுக்கமும் சித்தக் கலக்கமும் எய்தினர். கனவான்களின் தலையணிக்காக ஒரு கண்டத்தின் விலங்கும் மறு கண்டத்தின் தொழிலாளியும் நலிந்த காலம் அது.

1670 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி, இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் சாள்ஸ் ஹட்சன் குடாக் கம்பனிக்குப் பட்டயம் வழங்கினார். அக்குடாவில் வந்து விழும் ஆறுகள் அனைத்தும் பாயும் நிலம், ஏறத்தாழ 15 இலட்சம் சதுரமைல், கம்பனிக்கு உரியதாயிற்று. மன்னர் அந்நிலத்தைக் கண்டவரல்லர். ஆங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களை ஒரு சொல் கேட்டவருமல்லர். மன்னரோ அவர் வழிவந்தோரோ அந்நாட்டுக்கு எழுந்தருளும்போது இரண்டு எல்க் மான்களையும் இரண்டு கரிய பீவர்களையும் கொடுக்கவேண்டும் என்பதே அந்நிலத்துக்கு விதிக்கப்பட்ட வாடகை. தமதல்லாத பொருளை வழங்குபவர்க்கு வாடகையைக் குறைத்துக்கொள்வது அரிதன்று.

கம்பனி ஆற்றோரங்களிலே கோட்டைகளை நிறுவியது. கோட்டை என்றவுடன் கருங்கல் மதிலும் அகழியும் நம் மனத்தில் எழும். அவையோ பெரும்பாலும் மரத்தூண்களை நெருக்கமாக நட்டு அமைத்த வேலியும், அதனுள்ளே பண்டசாலையும் கடையுமே. பழங்குடி மக்கள் தோல்களைக் கொண்டுவந்து கொடுத்துக் கம்பளி, கத்தி, செப்புக் குடம், துப்பாக்கி, புகையிலை முதலியவற்றைப் பெற்றுச் சென்றனர். ஆங்கே நாணயம் வழங்கவில்லை. நன்கு பதப்படுத்திய பீவர்த் தோல் ஒன்றே விலையளவு. எல்லாப் பொருளுக்கும் இத்தனை பீவர் என்று விலை குறிக்கப்பட்டது. பிற விலங்குகளின் தோலும் பீவர்க் கணக்கிலேயே மதிக்கப்பட்டது. தோல்கள் ஏறத்தாழ 90 இறாத்தல் நிறையுள்ள பொதிகளாக இறுக்கிக் கட்டப்பட்டன. ஓடம் செல்லாத இடங்களில் இத்தகைய பொதி இரண்டினைத் தோணிக்காரன் ஒருவன் முதுகிற் சுமந்து செல்வது வழக்கம். சுமந்தவை, கொடுத்தவை, பெற்றவை யாவும் எழுத்தர் கையால் கணக்கேட்டிற் பதியப்பட்டன. ஒரு குண்டூசியும் கணக்கில் வாராமல் கோட்டையினின்று வெளியே போனதில்லை எனலாம். இக்கணக்கேட்டை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

மொன்றியல் நகரை இடமாகக் கொண்ட வடமேற்குக் கம்பனி இவர்களுக்குப் போட்டியாய் எழுந்தது. பூசல் முற்றி இரத்தம் சிந்தும் அளவுக்குச் சென்றபின், 1821 ஆம் ஆண்டில் இரு கம்பனிகளும் ஹட்சன் குடாக் கம்பனி என்ற பெயரில் ஒன்றாயின. அவ்விணைப்பினால் பசிபிக் சமுத்திரக் கரையோரமும் அதன் கைக்கு வந்தது. கொலம்பியா ஆற்றின் வடகரையில், கழிமுகத்திலிருந்து ஏறத்தாழ நூறு மைல் உள்ளே, 1825 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வன்கூவர்க் கோட்டை திறந்துவைக்கப்பட்டது. இன்று நம்மவர் பலர் வாழும் கனடாவின் வன்கூவர் நகரம் வேறு. இக்கோட்டை நின்ற இடம் இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது.

அக்கோட்டைக்குத் தலைவராய் அமைந்தவர் ஜோன் மக்லோக்லின். 1784 இல் குவிபெக்கிலே பிறந்தவர். இருபது வயது நிரம்புமுன்னரே வைத்தியராய்த் தேறித் தோல் வணிகத்துள் புகுந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். இளமையிலேயே நரைத்துத் தோளளவும் தொங்கிய வெண்ணிற முடி. பழங்குடி மக்கள் அவரை வெண்டலைக் கழுகு என அழைத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இன்றைய பல மாநிலங்களை உள்ளடக்கிய பெருநிலப்பரப்பில் அவர் சொல்லே சட்டமாய் இருந்தது.

அவர் காலத்துக் கோட்டை ஒரு சிற்றுலகம். உள்ளே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த எழுத்தர். வெளியே இருந்த ஊரில் பிரெஞ்சுக் கனேடியர், இறொக்குவா மக்கள், ஹவாய்த் தீவினர், இவர்கள் மணந்த பல்வேறு பழங்குடிகளின் பெண்கள். அனைவர்க்கும் பொதுவாகச் சினூக் வணிக மொழி வழங்கியது. சினூக்கும் நூட்காவும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த அம்மொழியில் சில நூறு சொற்களே உள; அவற்றைக் கொண்டே விலை பேசினர், காதலித்தனர், சண்டையிட்டனர். மொழி கற்பிப்பவனாகிய எனக்கு அக்கோட்டையைப் பற்றிய செய்திகளுள் மிகவும் இனித்தது இதுவே.

மக்லோக்லினின் மனைவி மார்கரெற் அம்மையாரும் கலப்புக் குலத்தவரே. நாட்டு வழக்கப்படி நடந்த அத்திருமணத்தைத் திருமணமாகவே கருதாத குருவானவர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கோட்டைக்கு வந்தார். அவர் பெயரும் பீவர் என்பது வேடிக்கை. அவ்வம்மையாரை இழித்து அவர் அறிக்கை எழுதியதை அறிந்த மக்லோக்லின், 1838 ஆம் ஆண்டில் குருவானவரின் கைத்தடியைப் பறித்து அதனாலேயே அவரைப் புடைத்தார். தோல் வணிகத்துக்குப் பெயர்போன இடத்தில் பீவர் ஒன்று தோலுரிபட்ட கதை இது என்று எம் மாணவர் ஒருவர் கூறியபோது வகுப்பே சிரித்தது.

எனினும் மக்லோக்லினை மாசற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. 1828 இல் கம்பனியாரைக் கொன்றமைக்குப் பழியாக அவர் அனுப்பிய படை கிளாலம் மக்களின் ஊரை எரித்து உயிர்களையும் போக்கியது. அமெரிக்க வேட்டைக்காரர் மேற்கே வாராமல் தடுக்கும்பொருட்டு, சினேக் ஆற்று நாட்டில் பீவரே இல்லாமற் செய்யும்படி கம்பனியின் ஆளுநர் ஜோர்ஜ் சிம்சன் கட்டளையிட்டார். ஆண்டுதோறும் அவ்வேலையைச் செய்துவரக் குழுக்கள் அனுப்பப்பட்டன. தோல் வணிகனுக்குக் காடு வேண்டும் என்பர். காட்டை வெறுமையாக்குதல் இலாபமாகும் இடத்தில் அதனையும் அவன் செய்தான்.

இதனினும் பெரிய கேடு ஒன்று எவர் கட்டளையுமின்றி வந்தது. 1830 ஆம் ஆண்டின் கோடையிலே கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில் காய்ச்சல் பரவியது. அது நம்மவர்க்கும் பழகிய மலேரியா என்பது ஆராய்ந்தோர் முடிபு. ஆண்டுதோறும் கோடையில் அது திரும்பி வந்தது. கோட்டையில் உள்ளவர்க்குக் கொயினா மருந்து ஓரளவேனும் கிடைத்தது. வெளியே இருந்தோர்க்கு அதுவும் இல்லை. வைத்தியராகிய மக்லோக்லினால் செய்யக்கூடியது மிகச் சிறிதே. கொலம்பியாவின் கீழ்ப்பகுதியிலும் அதனோடு கலக்கும் வில்லமெற் ஆற்றின் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த சினூக், கலப்பூயா மக்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளுள் மாண்டனர். ஊர்கள் பல புகையெழாமற் கிடந்தன.

இனிக் குடியேற்றக்காரரின் வரவைப் பார்ப்போம். இலண்டனிலிருந்து உணவு தருவிப்பது பெருஞ்செலவாதலின், கோட்டைக்கு வேண்டியதைக் கோட்டையே விளைவித்தல் வேண்டும் என்பது கம்பனியின் கொள்கை. மக்லோக்லின் ஆயிரம் ஏக்கருக்கு மேல் உழுவித்தார், கோதுமையும் பட்டாணியும் விளைந்தன, ஆப்பிள் மரங்கள் காய்த்தன, மாடுகள் பெருகின. இவ்வாறு வணிகக் கோட்டையே அந்நிலத்தில் ஏரையும் ஊன்றியது. கம்பனியில் உழைத்து ஓய்ந்த கனேடியர் சிலர் வில்லமெற் பள்ளத்தாக்கில் பயிர் செய்ய விரும்பியபோது அவர் விதைக் கோதுமையைக் கடனாகக் கொடுத்தார். பால் மாடுகளையும் இரவலாகக் கொடுத்தார்.

அக்காலத்தில் அந்நாடு எவருக்கு உரியதென்று முடிவாகவில்லை. 1818 ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒருங்கே புழங்கலாம் என்பதே நிலை. 1843 இல் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர், மாட்டு வண்டிகளில் இரண்டாயிரம் மைல் நடந்து ஒறிகன் நாட்டை வந்தடைந்தனர். மலைகளைக் கடந்து கொலம்பியா ஆற்றை எய்தியபோது அவர்களிடம் உணவு ஒழிந்துவிட்டது, குளிர் தொடங்கிவிட்டது. கட்டுமரங்களில் குழந்தைகளோடு ஆற்றில் இறங்கினர். இவர்கள் மிகுந்தால் நாடு அமெரிக்கர் வசமாகும் என்பதும், கம்பனியின் வணிகம் அழியும் என்பதும் மக்லோக்லினுக்குத் தெரியாதன அல்ல. மேலிடத்தின் விருப்பமும் அவர்களை ஊக்கலாகாது என்பதே. அவரோ ஓடங்களையும் உணவையும் எதிரே அனுப்பினார். நோயுற்றோரைக் கோட்டை மருத்துவமனையில் வைத்துப் பேணினார். பணமில்லாதவர்க்கு உடையும் விதையும் கடனாகக் கொடுத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இன்னும் பெருந்தொகையினர் வந்தனர். அவர்களும் அக்கதவைத் தட்டினர். பின்னர்க் கலிபோர்னியா மாநிலத்தின் முதல் ஆளுநராகிய பீற்றர் பேர்னெற் என்பவர் 1843 இல் வந்தவருள் ஒருவர். மக்லோக்லின் செய்த உதவியை அவர் தம் வரலாற்றில் நன்றியோடு பதிந்துள்ளார். ஆயினும் கடன் பெற்றோருள் பலர் அதனைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

ஆளுநர் சிம்சனுக்கும் அவருக்கும் முன்னரே மனக்கசப்பு உண்டு. 1842 இல் ஸ்ரிக்கீன் கோட்டையில் மக்லோக்லினின் மகன் கொலையுண்டபோது, சிம்சன் அதனைத் தீர விசாரியாமலே கொன்றவர் பக்கம் நியாயம் கண்டார். தந்தை அதனை மறக்கவில்லை. இப்போது கொடுத்த கடன்களும் குற்றமாயின. மக்லோக்லின் 1846 இல் கம்பனியை விட்டு விலகினார். அவ்வாண்டு யூன் மாதம் 15 ஆந் திகதி கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 49 ஆவது அகலக்கோடு எல்லையாயிற்று. ஒறிகன் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. வில்லமெற் நீர்வீழ்ச்சி அருகே, இன்றைய ஒறிகன் சிற்றியில், தாம் முன்னரே உரிமை கோரிய நிலத்தில் வீடு கட்டி மக்லோக்லின் குடியேறினார். அமெரிக்கக் குடியுரிமைக்கும் விண்ணப்பித்தார்.

பிறகு நடந்ததுதான் வியப்பு. ஒறிகன் மக்களின் பிரதிநிதியாக வாஷிங்டன் சென்ற சாமுவேல் தேர்ஸ்டன் என்பவர், மக்லோக்லின் அமெரிக்கர்க்குப் பகைவர் என்று பேசினார். 1850 ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டம் தனித்த வெள்ளை ஆடவனுக்கு 320 ஏக்கரும் கணவன் மனைவியர்க்கு 640 ஏக்கரும் இலவசமாய் வழங்கியது. அதே சட்டத்தின் 11 ஆம் பிரிவு மக்லோக்லினின் ஒறிகன் சிற்றி நிலத்தைப் பறித்து, பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவுவதற்கென ஒதுக்கியது. ஊருக்கெல்லாம் நிலம் கொடுத்த சட்டம், ஊருக்கெல்லாம் விதை கொடுத்தவரிடம் இருந்ததை எடுத்துக்கொண்டது. அவரை வீட்டைவிட்டு யாரும் துரத்தவில்லை. ஆயினும் வீட்டின் அடிநிலம் தமதன்று என்ற அறிவோடே 1857 இல் அவ்வீட்டில் கண்மூடினார்.

இக்கதையை நான் மேல்வகுப்பு மாணவர்க்குக் கூறியதுண்டு. விருந்தோம்பல் அதிகாரத்தைப் படிப்பிக்கும் நாளில் ஒரு வினாவை விவாதத்துக்கு வைத்தேன். தன் முதலாளியின் நலனுக்கு மாறாக, முதலாளியின் பண்டசாலையைத் திறந்து பசித்தவர்க்குக் கொடுத்தவன் கடமை தவறியவனா, அறம் செய்தவனா? ஒரு சாரார் அவர் அறம் செய்தார் என்றனர். பசித்த குழந்தையின் முன் கணக்கேட்டை விரிப்பது மனிதத்தன்மை அன்று என வாதித்தனர். மறு சாரார், பிறர் பொருளைக் கொண்டு செய்யும் கொடை கொடையாகாது என்றனர். இரு திறத்தார் வாதமும் வலியதாகவே இருந்தது. மணி அடிக்கும் வேளையில், பின்வாங்கில் இருந்து எப்போதும் வாய் திறவாத ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, விதை கம்பனியுடையது. சரி. விதைத்த நிலம் யாருடையது?" என்றான். வகுப்பு அடங்கிவிட்டது.

அவ்வினாவே இக்கட்டுரையின் உட்பொருள். வில்லமெற் பள்ளத்தாக்கைக் கண்ட குடியேற்றக்காரர், மரமடர்ந்த மலைகளுக்கிடையே புல்வெளியும் ஓக் மரங்களும் பரந்து, ஏர் பூட்டுவதற்கென்றே இறைவன் திறந்துவைத்த நிலம்போல் கிடந்ததை வியந்தனர். அதனை அவ்வாறு வைத்திருந்தவர் கலப்பூயா மக்கள். ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் புல்லுக்குத் தீயிட்டு, காடு மண்டாமற் காத்து, கமாஸ் கிழங்கும் விதைகளும் மானினமும் செழிக்கச் செய்து வந்தோர் அவர்கள். குடியேறியோர் கண்ட வெற்று நிலம் வெற்று நிலமன்று, தலைமுறைகளின் உழைப்பு. அதில் ஆளில்லை என்று தோன்றியமைக்குக் காரணம், ஆட்களைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தமையே.

நிலக்கொடைச் சட்டம் நிறைவேறியபோது அப்பழங்குடிகளோடு நிலம் பற்றிய உடன்படிக்கை எதுவும் நடைமுறையில் இல்லை. முதலில் நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. உரியவரிடம் கேட்பது பிறகு நடந்தது. 1855 சனவரியில் எஞ்சியிருந்த கலப்பூயா முதலியோர் தம் பள்ளத்தாக்கை எழுதிக்கொடுத்தனர். அடுத்த ஆண்டில் கிராண்ட் ரொண்ட் என்னும் ஒதுக்கிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இதுபோலவே, ஹட்சன் குடாக் கம்பனி தன் பழைய பட்டய நிலத்தைக் கனடாவிடம் ஒப்படைத்தபோது 3 இலட்சம் பவுண் பெற்றது. அந்நிலத்தில் வாழ்ந்தோர்க்கு அத்தொகையில் பங்கு இல்லை.

குடியேறியோர் யாவரும் நன்றி கெட்டோர் என்று கூறுவதும் முறையன்று. ஜோர்ஜ் வாஷிங்டன் புஷ் என்னும் கறுப்பினத்தவர் 1844 இல் ஒறிகன் வந்தார். கறுப்பர் அங்கே குடியிருத்தல் ஆகாதென அவ்வாண்டிலேயே குடியேற்றக்காரரின் தற்காலிக அரசு சட்டம் இயற்றியது. ஆதலின் அவரும் அவருடைய வெள்ளை அயலவரும் கொலம்பியாவுக்கு வடக்கே சென்று, கம்பனியின் நிஸ்குவாலிக் கோட்டையில் கடனுக்குத் தானியம் பெற்றுப் பயிர் தொடங்கினர். சில ஆண்டுகளில் புஷ்ஷின் பண்ணை செழித்தது. தானியம் அருகி விலையேறிய காலத்தில் வணிகர் கேட்ட விலைக்கு விற்காமல், புதிதாய் வந்த வறியோர்க்கு அவர் வழங்கினார். நிலக்கொடைச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. அயலவர் விண்ணப்பித்ததன்மேல் 1855 இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி அவர் நிலத்தை அவருக்கே உறுதி செய்தது. உதவி பெற்றோர் அதனை மறவாதிருத்தல் இயலும் என்பதற்கு அவ்வயலவர் சான்று.

மக்லோக்லினுக்கும் நீதி பிந்தியேனும் கிடைத்தது. 1862 இல் ஒறிகன் சட்டசபை, ஆயிரம் டொலர் பெற்றுக்கொண்டு நிலத்தை அவர் வழிவந்தோர்க்கு மீட்டளித்தது. 1909 இல் ஆலைகளின் நடுவே அழியவிருந்த அவர் வீட்டை மக்கள் மேட்டுநிலத்துக்கு நகர்த்திக் காத்தனர். 1953 இல் வாஷிங்டனில் உள்ள தேசியச் சிலை மண்டபத்தில் ஒறிகனின் சார்பில் அவர் சிலை வைக்கப்பட்டது. இறந்து நூறாண்டு நிறைந்த 1957 இல் சட்டசபை அவரை ஒறிகனின் தந்தை என அறிவித்தது. 1866 இல் தீக்கிரையான அவர் கோட்டையும் இன்று பழைய அடித்தளத்தின்மேல் மீளக் கட்டப்பட்டுள்ளது.

அவ்விரு சிறப்புக்களுக்கும் இடைப்பட்ட 1954 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது யாது? மேற்கு ஒறிகனின் பழங்குடிகள் இனிப் பழங்குடிகளாகக் கருதப்படார் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. கிராண்ட் ரொண்ட் மக்களின் உரிமைகள் அதனோடு ஒழிந்தன. அவர்கள் போராடி, 1983 இல் அந்நிலையை மீளப்பெற்றனர். கொலம்பியா முகத்துவாரத்தில் அனைவரையும் முதன்முதல் வரவேற்று வணிகம் செய்த சினூக் மக்களுக்கோ, 2001 இல் அரசு அளித்த அங்கீகாரம் 2002 இல் மீளப்பெறப்பட்டது.

விருந்தினர்க்கு விதை கொடுத்தவர்க்குச் சிலை. நிலம் கொடுக்க நேர்ந்தவர்க்கு, நீங்கள் இல்லை என்னும் அறிவிப்பு. ஏன் இந்த வேறுபாடு? மக்லோக்லின் கொடுத்தது கணக்கேட்டில் இருந்தது. இத்தனை மரக்கால் கோதுமை, இத்தனை கம்பளி என்று பெயரோடும் திகதியோடும் எழுதப்பட்டிருந்தது. அதனால் பின்வந்தோர் அதனைக் கண்டு வெட்கினர், ஈடு செய்தனர். கலப்பூயா மக்கள் தீயிட்டுப் பேணிய புல்வெளியை எந்த எழுத்தரும் எந்த ஏட்டிலும் பற்று வைக்கவில்லை. எழுதப்படாத கடன், கடனே அன்று என்றாகிவிட்டது.

ஆகவே தோல் வணிகக் கோட்டையால் நன்மையா தீமையா என்று ஒரு சொல்லில் விடை கேட்பின், அதனை எவர் கேட்கின்றார் என்பதைப் பொறுத்தே நான் விடை கூறுவேன். 1843 இன் குளிரில் கட்டுமரத்தில் நடுங்கி வந்த குழந்தைக்கு அக்கோட்டையின் விளக்கு உயிர் காத்த விளக்கு. அவ்விளக்கைப் பழிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பசித்தவனுக்கு உணவு கொடுத்தபின் அவன் என் நாட்டை எடுத்துக்கொள்வானோ என்று எண்ணிக் கொடுப்பது கொடையாகாது. ஆனால் அவ்விளக்கின் ஒளி விழாத இடத்தில், அதே ஆற்றங்கரையில், நாட்டுக்கு உரியவர் ஒருவர் பின் ஒருவராய்க் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்தனர். இரண்டையும் ஒருங்கே காண்பதற்குக் கண் பழகவேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது வரலாறன்று, வழக்குரை.

இன்னும் ஒரு செய்தி. 2019 ஆம் ஆண்டில் வில்லமெற் நீர்வீழ்ச்சி அருகே, மூடப்பட்ட காகித ஆலை ஒன்றின் நிலம் விலைக்கு வந்தது. மக்லோக்லின் உரிமை கோரி, இழந்து, அவர் வழிவந்தோர் மீண்டும் பெற்ற ஒறிகன் சிற்றி நிலத்தின் பகுதி அது. அதனைக் கிராண்ட் ரொண்ட் மக்கள் தம் பணத்தைக் கொடுத்து வாங்கினர். தம் முன்னோர் மீன் பிடித்த நீர்வீழ்ச்சியின் கரையை, நிறைவான விலை கொடுத்து, முறையான உறுதியோடு பெற்றுக்கொண்டனர். கைவிடப்பட்ட ஆலைக் கட்டடங்களை இடித்து நிலத்தைத் திருத்தும் பணியையும் அவர்களே தொடங்கினர்.

யூபிலி மலர்களில் கட்டடம் கட்டிக் கொடுத்தோர் பெயரும் நிதி வழங்கியோர் பெயரும் அச்சாகும். அச்சாக வேண்டியவையே அவை. எம் மாணவர்க்கு நான் கூற விரும்புவது ஒன்றுண்டு. அப்பட்டியலைப் படித்து முடித்தபின், அதில் இல்லாத பெயர்களை ஒரு நாழிகை எண்ணிப் பாருங்கள். இந்த நிலத்தை முதலிற் கொத்தியவர் யார்? கிணற்றை வெட்டியவர் யார்? விடுதியில் அடுப்பெரித்தவர் யார்? முதியோரைக் கேட்டால் சில பெயர்கள் இன்றும் கிடைக்கும். கிடைத்தவற்றை ஒரு தாளில் எழுதி நூலகத்திற் சேர்த்துவையுங்கள். அடுத்த மலரை எழுதுவோர்க்கு அவை வேண்டியிருக்கும்.